சக்கரியாசுக்கு ஒரு கௌரவக் கதிரை

மனிதகுலம் இதுவரை கண்டெடுத்த பெயர்களுள் மிக உன்னதமானது ‘சக்கரியாஸ்’. வேதத்தில் அந்தப் பெயரில் தீர்க்கதரிசி உண்டு, அரசன் உண்டு, ஆலயக் குரு உண்டு. முஸ்லிம்களுக்கும் அவர் ஸக்கரியா நபி. இத்தனை பேரை ஒரு பெயருக்குள் அடைக்கலாமென்றால் ஓர் ஊரை அடைக்க முடியாதா என்று முதன்முதலில் சிந்தித்த பெருமை மீனவர் சங்கத் தலைவர் அலெக்ஸாண்டரையே சேரும்.

மன்னார்த் தீவில் அவருடைய ஊர்க் கரையில் மண் அள்ள ஒரு கம்பனி வந்திருந்தது. அதற்கு ‘மக்களின் ஏகமனதான சம்மதம்’ வேண்டுமாம். கடற்காற்றிலிருந்து சங்கத்தைக் காப்பாற்றக் குளிரூட்டிய மண்டபம் தருவதாகவும், வியாபாரி அப்துல் ஹமீட்டின் லொறிகளை வாடகைக்கு எடுப்பதாகவும் கம்பனி சொன்னதும் பாதிச் சம்மதம் வந்துவிட்டது. மீதிக்குக் குறுக்கே நின்றவர் கரைவலைச் சக்கரியாஸ். கம்பனி கேட்ட மண், அவர் தலைமுறையாக வலை இழுக்கும் இடம். அது போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இந்தச் சின்னக் குறையைத் தவிரத் திட்டம் பழுதற்றது.

ஆகவே அலெக்ஸாண்டர் அவரை ‘மத நல்லிணக்கக் கௌரவத் தலைவர்’ ஆக்கினார். கூட்டத்தில் மாலை போட்டு, மேடையில் கதிரை கொடுத்து, கடிக்க ஒரு பற்றிசும் கொடுத்தார்கள். மைக் மட்டும் கொடுக்கவில்லை.

“ஒரு கேள்வி கேக்கலாமோ?” என்று சக்கரியாஸ் எழும்பினார்.

“இருங்கோ அண்ணை,” என்றார் அலெக்ஸாண்டர், மிகுந்த பக்தியோடு. “வேதத்தில உங்கட பெயர்க்காரர், பிள்ளை பிறக்குமெண்டு சொல்ல வானத்திலயிருந்து வந்த சம்மனசிட்ட ஒரேயொரு கேள்விதான் கேட்டவர். ஆண்டவர் அவற்ற வாயைக் கட்டிப்போட்டார். அதுக்குப் பிறகுதான் பிள்ளைப் பாக்கியமே வந்தது.”

“எங்கட ஸக்கரியா நபியும் அப்ப பேசேல்லத்தான்,” என்றார் ஹமீட்.

அடடா! சக்கரியாஸ் வாயைத் திறக்கக்கூடாது என்பதில் இரண்டு மதங்களும் முழுமையாக உடன்பட்டுவிட்டன. சனம் கைதட்டியது. அலெக்ஸாண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லிணக்கம் இவ்வளவு மலிவாகக் கிடைக்குமென்று அவரே எதிர்பார்க்கவில்லை.

“சரி, சம்மதிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ!”

கைகள் எழுந்தன. சக்கரியாசின் வலையை இழுத்து வயிறு வளர்த்த மில்ரனின் கையும் எழுந்தது. அவனுக்குக் கம்பனியில் ‘பாதுகாப்பு அலுவலர்’ பதவி, அதாவது வாசலில் காவல்.

சக்கரியாஸ் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்.

“வேதத்தில இன்னொரு சக்கரியாசும் இருக்கிறார், தலைவர். உண்மையைச் சொன்னதுக்காக ஆலய முற்றத்தில வச்சுக் கல்லாலயே எறிஞ்சு கொன்றுபோட்டினம். வெளியாக்கள் இல்லை, சொந்தச் சனம்.”

“சீச்சீ! நாங்கள் அப்படியான ஆக்களே?” அலெக்ஸாண்டரின் குரலில் உண்மையான வேதனை இருந்தது. “இஞ்ச ஆற்றயாவது கையில கல்லிருக்கோ? நீங்களே பாருங்கோ!”

சக்கரியாஸ் தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மில்ரன் தலையைக் குனிந்துகொண்டான், கையை இறக்கவில்லை.

“ஓம், இல்லைத்தான். அந்தச் சனத்துக்குக் கல்லுத் தேவைப்பட்டது. உங்களுக்கு வெறுங்கையே போதும்.”