பின் சீட்டுக்குச் சாட்சி

புது வக்கீல் ஒருவன் தன் முதல் வழக்கில் தோற்றுப் போனால் யாரும் கவலைப்படுவதில்லை. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் என் முதல் வழக்கில் ஜெயித்துவிட்டேன். அதன் பலனாக ஒரு பகல் முழுவதும் என் முழங்கால்கள் என் காதுகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

வழக்கு கோர்ட்டில் நடக்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. என் நண்பன் நாச்சியப்பனின் கார் ஜி.டி. காரா, இல்லையா என்பதுதான் வழக்கு.

நாச்சியப்பன் திருமயம் பக்கத்துக்காரன். என்னோடு காலேஜில் படித்தவன். அவன் அப்பாவுக்குப் பினாங்கில் வியாபாரம். இவனும் அங்கே சில வருஷம் கடையில் உட்கார்ந்துவிட்டு (உட்கார்ந்தது மட்டும்தான் என்பார் அவன் அப்பா) ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தான். சிவப்பு நிறம். உயரம் என் இடுப்பு வரை. அதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். முதலில் உடம்பை உள்ளே வைத்துவிட்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக வரவழைக்க வேண்டும். அதன் சத்தத்தைக் கேட்டு எங்கள் தெரு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

அவன் அப்பா காரை ஒரு தடவை சுற்றி வந்தார். "இதுல ஒரு நெல்லு மூட்டை ஏத்த முடியுமா? பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு கோயிலுக்குப் போக முடியுமா? இதுனால ஒரு பிரயோசனத்தைக் காட்டு. இல்லாட்டி தை மாசம் இதை வித்துப்புட்டு ஒன்னைத் திரும்பக் கப்பல் ஏத்திருவேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் இருந்த ஒரு மோட்டார் கிளப் சர்வதேசக் கார் ராலி ஒன்றை நடத்த முன்வந்தது. தனுஷ்கோடிக்கு ரயிலும் அங்கிருந்து கப்பலும் ஓடிக்கொண்டிருந்த காலம். இலங்கையிலிருந்து இரண்டு கார்கள் கடல் தாண்டி வந்திருந்தன. மற்றதெல்லாம் திருச்சி, தஞ்சாவூர், மதுரைக் கார்கள். (சர்வதேசம் என்பதற்கு இரண்டு தேசம் போதுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, போதும் என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.) புதுக்கோட்டையில் புறப்பட்டு, அறந்தாங்கி, மணமேல்குடி வழியாகக் கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போய், திருமயம் வழியாகத் திரும்ப வேண்டும். வழியில் சில ஊர்களில் மேஜை போட்டு ஆள் உட்கார்ந்திருப்பார். அவரிடம் உரிய நேரத்தில் முத்திரை வாங்க வேண்டும்.

சாதாரணக் கார்களுக்கு அனுமதி உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஜி.டி. என்று ஒரு ரகம். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பறக்கும். ஆனால் மேலே கூரை இருக்கும், நெடுந்தூரம் போகலாம். இதைப் பந்தயத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்போது வெளிநாடுகளிலேயே சண்டை. சேர்த்தால் எல்லாப் பரிசையும் இதுவே அள்ளிவிடும், குடும்பஸ்தர்களின் கார்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று ஒரு கட்சி. இனிவரும் காலமே இதனுடையதுதான் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. (அதுவரை நான் ஓட்டியிருந்த ஒரே வாகனம் சைக்கிள்.) நாச்சியப்பனிடமிருந்து வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை வாங்கிப் படித்துவிட்டு, வக்கீல்கள் அறையில் ஜி.டி. கார்களின் எதிர்காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் வழக்கு கிடையாது.

திருச்சி கிளப்போ, ஜி.டி.தான் என்று நிரூபித்தால் மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. அதனால் நாச்சியப்பன் என்னிடம் வந்தான். "நீ வந்து பேசுடா சொக்கலிங்கம். ஒனக்குத்தான் மோட்டார் சட்டம் தெரியும்."

என் சீனியரிடம் இரண்டு லாரி வழக்குகள் இருந்தன. அந்தக் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். அந்த வகையில் எனக்கு மோட்டார் சட்டம் தெரியும். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

கார்களைச் சோதித்து அனுமதிக்கிறவர் ஜோசப் துரைராஜ். ரயில்வே இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் எஞ்சினைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் கார் பொம்மையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஜி.டி.ன்னா ஒரே மாதிரி நூறு வண்டியாவது கம்பெனி செஞ்சிருக்கணும் தம்பி. செஞ்சிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒண்ணுதாங்க வாங்கினேன்" என்றான் நாச்சியப்பன்.

அவன் காலை மிதித்தேன். கட்சிக்காரனைப் பேசவிடக் கூடாது என்பது சீனியர் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம்.

"அத்தாட்சி இருக்கா?"

"கைவசம் இல்லைங்க" என்றேன்.

"அப்ப ஜி.டி. இல்ல. ஸ்போர்ட்ஸ் கார். ஓரமா எடுத்துருங்க."

நாச்சியப்பன் முகத்தில் பினாங்குக் கப்பல் தெரிந்தது. அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. (இனிமேல் அது வேலை செய்ய வேண்டாம் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்தேன்.)

"ஐயா, இது ஜி.டி. இல்லைன்னே வச்சுக்குவோம். ஸ்போர்ட்ஸ் காரும் இல்லை. இது சாதாரணக் கார்."

"சாதாரணக் காருக்கு நாலு சீட் வேணுமே?"

"இருக்குங்க."

சொன்ன பிறகுதான் காருக்குள் எட்டிப் பார்த்தேன். முன் சீட்டுகளுக்குப் பின்னால் தோல் தைத்த ஒரு பள்ளம் இருந்தது. ஒரு தலையணை வைக்கலாம். மெலிந்த தலையணையாக இருந்தால் இரண்டு வைக்கலாம்.

பக்கத்தில் நின்ற இலங்கைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "அது சீற் இல்லை ஐயா, குடை வைக்கிற இடம். அத்தாட்சி இல்லையெண்டு நாங்கள் எங்கட ஜி.டி.யைக் கொழும்பில விட்டுட்டு வந்தனாங்கள். உங்கட ஆக்களுக்கு மட்டும் சட்டம் வேறயோ?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் வக்கீல். "மனுஷன் உட்கார முடிந்தால் அது சீட். குடை உட்காராது" என்றேன். கூட்டம் கை தட்டியது. எனக்காக முதல் தடவையாகக் கை தட்டுகிறார்கள்.

"சரி, யாரு உக்காரப் போறா?" என்றார் துரைராஜ்.

காருக்கு வழி சொல்ல வந்திருந்தவன் காசிம். கோட்டைப்பட்டினத்துக்காரன், மீன் வியாபாரி, கடற்கரைப் பாதை முழுவதும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் கதவளவு ஆள். அவன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். மைதானமே என்னைப் பார்த்தது. அந்நாளில் கறுப்புக் கோட்டு என்மேல் இருக்காது. கோட்டுக்குள் எங்கேயோ நான் இருப்பேன்.

உள்ளே இறங்கினேன். தலையைச் சாய்த்து, முதுகை வளைத்து, முழங்காலை மேலே கொண்டுவந்ததும் பின் சீட்டு நிரம்பியது.

"சௌகரியமா இருக்கா?" என்று குனிந்து கேட்டார் துரைராஜ்.

"ரொம்பங்க."

"அனுமதி" என்றார். மறுபடி கைதட்டல். சிரித்துக்கொண்டே வெளியே வரப் பார்த்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்க இறங்குறீங்க? ஆள் இருந்தாத்தான் சீட்டு. திரும்பி வர்ற வரைக்கும் இருக்கணும். வழியில ஒரு இடத்துல ஆளைக் காணோம்னாலும் குடை வைக்கிற இடம்னு எழுதிருவேன்."

காசிம் முன் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். அதோடு வெளியுலகம் மறைந்தது. காரில் வேறு இடம் இல்லாததால் கயிறு, ஜாக்கி, தண்ணீர் டின், காசிமின் சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் என் மடியில் வைத்தார்கள். மடி என்று ஒன்று தனியாக இல்லாததால் நெஞ்சில் வைத்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கார் பறந்தது. அறந்தாங்கி வரை தார் ரோடு; ஒவ்வொரு காராகப் பின்னால் போனது. பின் கண்ணாடி வழியாக நான் பார்த்ததெல்லாம் நாங்கள் தாண்டி வந்த கார்களைத்தான். இலங்கைக்காரர் சின்னப் புள்ளியாகிக் காணாமல் போனார்.

"டேய், எதிர்காலம் இதுதான்டா!" என்று கத்தினான் நாச்சியப்பன். எதிர்காலத்தின் பின்பக்கத்தில் இருந்து நானும் ஆமாம் என்று முனகினேன்.

அறந்தாங்கியில் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். முத்திரை விழுந்தது. அதற்கப்புறம் தார் ரோடு போய், மாட்டுவண்டித் தடம் வந்தது. கார் தரையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் என் தலை கூரையைத் தட்டியது.

"என்ன வக்கீலு, உசுரோட இருக்கியா?" என்று காசிம் அவ்வப்போது கேட்டுக்கொண்டான். "இங்கிட்டு ஒடி நாச்சியப்பா, அங்கிட்டுப் பள்ளம்." நாச்சியப்பன் ஒடிப்பான். நானும் ஒடிவேன்.

மணமேல்குடியில் எனக்கு ஒரு சொந்தச் சங்கதி உண்டு. அந்த ஊர் சப் ரிஜிஸ்ட்ராரின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க நாள்கூடக் குறித்தாகிவிட்டது. பையன் மோட்டார் வழக்குகளில் பெரிய ஆளாக வருவான், பார்ப்பதற்கு ஜம்மென்று இருப்பான் என்று என் மாமா அங்கே சொல்லி வைத்திருந்தார்.

முத்திரையைத் தப்பாமல் போடுகிறவர் என்று அந்த சப் ரிஜிஸ்ட்ராரையே கிளப்பார் மேஜையில் உட்கார வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கார் நின்றது. குரல் மட்டும் கேட்டது. "மூணு பேருன்னு போட்டிருக்கு. ரெண்டு பேருதான இருக்கீங்க?"

"பின்னாடி ஒருத்தர் இருக்காருங்க" என்றான் நாச்சியப்பன்.

"எனக்குத் தெரியலையே. ஆள் நேர்ல வரணும். முப்பது வருஷ சர்வீஸ்ல ஆளைப் பாக்காம நான் முத்திரை போட்டதில்லை."

காசிம் இறங்கி முன் சீட்டை மடக்கினான். குலுங்கிய குலுக்கில் அது இறுகிப் போயிருந்தது. மடங்கவில்லை. எங்களைவிட மெதுவாக வந்த ஒரு கார் முத்திரை வாங்கிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. கடைசியில் காசிம் என் கைகளைப் பிடித்து, வலை இழுக்கிற மாதிரி சந்து வழியாக இழுத்தான். கோட்டு எதிலோ மாட்டி முதுகில் நீளமாகக் கிழிந்தது. நான் வெளியே வந்தேன்.

வந்தேனே தவிர நிமிரவில்லை. இடுப்பு அங்கேயே நின்றுவிட்டது. கால்கள் மரத்துப்போயிருந்தன. தரையும் ஒரு ஜோடிப் பழுப்புச் செருப்பும் தெரிந்தன. செருப்பைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினேன்.

"பேரு?"

"சொக்கலிங்கம்… பி.ஏ., பி.எல்."

செருப்பு ஓரடி பின்வாங்கியது. "புதுக்கோட்டையா? மோட்டார் கேஸ் பாக்குறவரா?"

"ஆமாங்க."

இவருக்கு என்னைத் தெரியும் என்றால் இவர் யார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், அவர் மனைவி: "அட, நம்ம மாப்பிள்ளைப் பையன்! பாருங்க, ரோட்டுலயே எம்புட்டு மரியாதை!"

"போதும் தம்பி, எந்திரிங்க" என்றார் சப் ரிஜிஸ்ட்ரார், கொஞ்சம் நெகிழ்ந்து.

நான் எந்திரிக்கவில்லை.

"எந்திரிங்கன்னேன். அட, இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!"

ரோட்டில் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் என் பணிவைப் பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டிலேயே காலம் தள்ளியிருக்கலாம். அப்போது மெல்லிய குரல் ஒன்று தெளிவாகச் சொன்னது:

"அப்பா, அவுக கும்பிடலை. நிமிர முடியாம நிக்கிறாக."

எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் மரகதம் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த நிலையில் பார்க்கவும் முடியாது.

முத்திரை விழுந்தது. நான் வளைந்தே இருந்ததால் காருக்குள் திரும்பப் போவது சுலபமாக இருந்தது. மரகதமும் அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, என்னைச் சாமானோடு சாமானாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கோட்டைப்பட்டினத்துக்கு முன்னால், விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று நாச்சியப்பன் மணலில் வேகமாக விட்டான். கார் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. கீழே எண்ணெய்த் தொட்டி உடைந்து, சொட்டுச் சொட்டாக எதிர்காலம் வடிந்தது. படகு இழுக்கிற ஆட்கள் கயிறு கட்டிக் காரையும் அதற்குள் என்னையும் கரைக்கு இழுப்பதுபோல் ரோட்டுக்கு இழுத்தார்கள்.

சேதி போனபோது துரைராஜ் ஒன்றுதான் கேட்டாராம்: "வண்டி நின்னப்ப ஆள் பின்னாடிதான் இருந்தாரா?" இருந்தார் என்றார்களாம். "அப்ப சீட்டுதான்" என்றாராம். நான் வாதாடியது மேல்முறையீட்டிலும் நின்றது.

பரிசு தஞ்சாவூர் டாக்டர் ஒருவருக்கு. அவருடைய பழைய காரின் பின் சீட்டில் மனைவியும் மாமியாரும் இட்லிப் பொட்டலமும் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். தை மாதம் சிவப்புக் கார் விற்பனையானது, நாச்சியப்பன் கப்பல் ஏறினான். பிற்காலத்தில் வெளிநாட்டு ராலிகளில் ஜி.டி. கார்கள் நிறைய ஜெயித்ததாகப் படித்தேன். அங்கே மாட்டுவண்டி குறைவு என்று நினைக்கிறேன்.

மணமேல்குடி சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் குறித்த நாளில் வரச் சொல்லி ஆள் வந்தது. பெண் சம்மதித்துவிட்டாள். ஏன் என்று கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டேன். "வளைஞ்சு குடுக்கிற ஆளுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு" என்றாள். இன்றுவரை அவள் கணிப்பில் தவறில்லை.

கல்யாணத்தன்று நாங்கள் இருவரும் மாமனார் காலில் விழுந்தோம். நான் ஒரு நொடி கூடுதலாகக் கிடந்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் குனிந்து, உண்மையான கவலையோடு கேட்டார்: "நிமிர முடியுதா தம்பி? காசிமைக் கூப்பிடவா?" பந்தலே சிரித்தது. காசிம் பந்தி நடுவிலிருந்து எழுந்தே வந்துவிட்டான்.

அது எங்கள் வீட்டுச் சடங்காகிவிட்டது. இப்போது எங்கள் காலில் விழுகிற பிள்ளைகளுக்கெல்லாம் திருநீறு பூசிவிட்டு, மரகதம் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் "நிமிர முடியுதா?" என்று கேட்பாள். சுற்றி நிற்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். போன மாதம் பேத்தி கல்யாணத்தில் புது மாப்பிள்ளையிடமும் கேட்டாள். சென்னைப் பையன், கதை தெரியாது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தாங்க இருக்கேன்" என்றான்.