பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆள்

இசக்கிதுரையின் வண்டிக்கு விக்கல் வந்துவிட்டது.

களமசேரியில் பழசாக வாங்கிய டீசல் பிக்கப். இருபது வருஷம் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் போனதால், கியர் தானாக மாறும் வண்டியாகப் பார்த்து வாங்கினார். தானாக மாறத்தான் செய்தது. ஆனால் தன் இஷ்டத்துக்கு மாறியது. மட்டாஞ்சேரியில் இஞ்சி மூட்டை ஏற்றிக்கொண்டு தோப்பும்படிப் பாலம் ஏறினால் மூன்றாம் கியருக்குப் போகும், இரண்டுக்கு விழும், மறுபடி மூன்று; ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு குதி குதிக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து, மலையாளத்தில் அவர் பரம்பரையையே விசாரிப்பான்.

அதையும் இசக்கிதுரை பேச்சுத்துணையாகத்தான் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க அவரிடம் வேறு யாரும் பேசுவதில்லை. மகள் ரோஜா திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, மனைவி பாண்டிச்செல்வி தெருமுனையில் இட்லி போட ஆரம்பித்தாள். காலையில் அவர் கிளம்பும்போது அவள் ஆவிக்குள் இருப்பாள். சாயங்காலம் மாவாட்டிக்கொண்டிருப்பாள். அவர் எதைச் சொன்னாலும் கிரைண்டர்தான் பதில் சொல்லும்.

மெக்கானிக் நௌஷாத் மூன்று தடவை பார்த்துவிட்டான். கியர் ஆயிலைப் பார்த்தான். அளவும் சரி, நிறமும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து பாலம் வரைக்கும் வந்தும் பார்த்தான். வண்டி வெண்ணெயாகப் போனது.

"விக்கல் வண்டிக்கா, உங்களுக்கா அண்ணாச்சி?"

நாலாவது தடவை நௌஷாத் பைக்கில் பின்தொடர்ந்தான். வண்டி பாலத்தில் மூன்று தடவை குதித்தது. உடனே நிறுத்தச் சொல்லி ஏறி உட்கார்ந்தான். விக்கல் நின்றது. ஓடும்போதே லேசாக எழுந்தான். குதித்தது. உட்கார்ந்தான். நின்றது.

பட்டறைக்குத் திரும்பியதும் அந்தப் பக்கத்து சீட்டைத் தூக்கிப் பார்த்தான். கியருக்கு உத்தரவு போடும் பெட்டி அங்கேதான் இருந்தது. அதன் எர்த் ஒயர் உப்புக்காற்றில் துருப்பிடித்து, நட்டு தளர்ந்து கிடந்தது.

"ஆள் உக்காந்தா சீட் அமுங்கி ஒயர் ஒட்டுது. எந்திரிச்சா விட்டுப்போகுது. அஞ்சு நிமிஷ வேலை, முறுக்கி விடுறேன்."

இசக்கிதுரை அவன் கையைப் பிடித்தார்.

"முறுக்காத."

"ஏன் அண்ணாச்சி?"

"இப்போதைக்குக் கிடக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கிரைண்டரைத் தாமே நிறுத்தினார்.

"ஏட்டி, பார்ட்ஸு கோயம்புத்தூர்ல இருந்து வரணுமாம். அதுவரைக்கும் பக்கத்து சீட்ல ஒரு ஆள் உக்காரணுமாம்."

"என்னது, வண்டிக்குத் தனியாப் போக பயமா?"

"மெக்கானிக் சொல்லுதான்."

"இட்லி?"

"அவன் பெஞ்சாதி சகீலா பாத்துக்க மாட்டாளா?"

பாண்டிச்செல்வி கையில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு, "சரி" என்றாள்.

ஒன்பது நாள். வைட்டிலா சிக்னலில் மாட்டிக்கொண்டால் அவருக்குச் சந்தோஷம். அவள் வழியில் பார்த்த ஒவ்வொரு போர்டையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பேருந்துக்காரனை ஏசினாள். சாயாவுக்கு நிறுத்தச் சொன்னாள். வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. இசக்கிதுரை தேவையே இல்லாமல் சுற்றுவழியில் போனார்.

பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து சீட்டில் ஓர் அரிசி மூட்டை. சீட் பெல்ட் போட்டிருந்தது.

"என்னட்டி இது?"

"உங்களுக்கு ஆளு. அம்பது கிலோ. நான் அம்பத்தெட்டு." இட்லிக் கரண்டியோடு தெருமுனையிலிருந்து கத்தினாள். "மிச்சம் எட்டுக் கிலோ என் பேச்சு. அதைச் சாயங்காலம் தாறேன்."

இசக்கிதுரை போனார். பாலம் ஏறினார், இறங்கினார். ஒரு குலுக்கல்கூட இல்லை. "காத்து வருதா?" என்று பழக்கத்தில் கேட்டும்விட்டார். மூட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்திப் போன் போட்டார்.

"ஏட்டி, மூட்டை சரிப்படல. வண்டி பழையபடி குதிக்குது. ஆள்தான் வேணும் போல."

"அப்படியா?"

"பாலத்துல நாலு தடவை குதிச்சுட்டு. நீயே வந்தாத்தான் உண்டு."

அந்தப் பக்கம் இட்லிச் சட்டி மூடும் சத்தம் கேட்டது.

"அதெப்படிக் குதிக்கும்? நேத்து சாயங்காலம் நீங்க குளிக்கப் போனப்ப நௌஷாத் தம்பி வந்து ஒயரை முறுக்கிட்டுப் போயாச்சே. சகீலா மூணாம் நாளே எல்லாம் சொல்லிட்டா."

இசக்கிதுரை மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணாம் நாளே தெரிஞ்சும் ஆறு நாள் வந்தேன்லா? ஆள் வேணும்னா ஆள் வேணும்னு கேக்கணும். வாயில்லா வண்டி மேல பழி போடக் கூடாது."

"அப்ப... இந்த மூட்டை?"

"அது தோப்பும்படியில ஆனந்தகுமார் ஓட்டலுக்கு நான் வாங்கி வச்ச அரிசி, அங்க போகணும். பெல்ட்டைக் கழட்டி, சிந்தாம இறக்கிக் குடுத்துருங்க."