சாக்கடையை அடைத்த பெயரடை

நாறும் கடலை ஒரே ஒரு பெயரடையால் சுத்தம் செய்த பெருமை, உலகிலேயே ஸ்கெல்பி பே நகராட்சி ஒன்றையே சேரும். அந்தச் சாதனையின் நாயகர் சுற்றுலாக் குழுத் தலைவர் கிளைவ் பெவரெல்.

மழை பெய்தபோதெல்லாம் ஊர்ச் சாக்கடை நேராகக் கடலில் கலந்தது. குளித்தவர்களுக்கு வயிற்றோட்டம் கண்டது, விடுதிகள் காலியாயின. குழாயைச் சரிசெய்வது 'தொலைநோக்குத் திட்டம்' என்பதால், உடனடி நிவாரணமாக ஒரு நல்ல சொல்லைத் தேடக் குழு கூடியது. 'தூய கடல்' என்று எழுத நகராட்சி வழக்கறிஞர் சம்மதிக்கவில்லை.

எளிய சொற்கள் எளிய மனிதர்களுக்கானவை என்பது பெவரெலின் கொள்கை. எங்கோ கண்ணில் பட்ட 'நாய்சம்' என்ற அரிய ஆங்கிலச் சொல்லை அவர் முன்மொழிந்தார். 'நாய்ஸ்' என்றால் ஓசை. ஆகவே 'நாய்சம்' என்றால் ஓசை நிறைந்தது, அலைகள் ஆர்ப்பரிப்பது என்று விளக்கினார். அகராதியைப் பார்க்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். அது தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகிவிடும் என்று மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். சொல் ஏகமனதாக நிறைவேறியது.

கடற்கரை நெடுகப் பலகைகள் எழுந்தன: 'எங்கள் நாய்சம் கடலுக்கு வருக!' திறப்பு விழாவில் பல் மருத்துவர் மியூரியல் கார்சைட் முந்திக்கொண்டு வந்து பெவரெலின் கையைக் குலுக்கினார். கடலில் நீந்தப்போய் ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி கெஞ்சி, சுற்றுலா கெடும் என்று விரட்டப்பட்டவர். இப்போது அவரே பாராட்டியதும் பெவரெலுக்குப் புல்லரித்தது.

"கடைசியில உண்மைய எழுதிட்டீங்களே, கிளைவ். இவ்வளவு நேர்மைய உங்ககிட்ட எதிர்பார்க்கல."

"அலையோட ஓசையத்தானே சொல்றீங்க, டாக்டர்?"

"ஓசைக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. தொல்லை குடுக்கறதுக்கு 'அனாய்'னு சொல்றோமே, அது தலை தேஞ்சு 'நாய்' ஆகி, பின்னால 'சம்' ஒட்டிக்கிட்டது. முன்னெல்லாம் உடம்புக்குக் கேடுன்னு அர்த்தம். இப்போ குடலப் புரட்டுற நாத்தம். சாக்கடை, அழுகின மீன், இதுக்கெல்லாம் சொல்லுவாங்க."

பெவரெல் கடல் பக்கம் திரும்பினார். நெடுநாள் விடுப்பில் இருந்த அவரது மூக்கு அந்தக் கணமே பணிக்குத் திரும்பியது. கைக்குட்டையால் அதை மீண்டும் விடுப்பில் அனுப்பிவிட்டு, அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

பலகையில் பிழை என்று அறிவித்து எடுத்துவிடலாம் என்றார். வழக்கறிஞர் தலையசைத்து மறுத்தார். "பிழைன்னு சொன்னா வழக்குல மாட்டுவோம் சார். அதுல இருக்கறது அத்தனையும் சரி."

பெவரெல் பேனாவைக் கையில் எடுத்தார். "அப்போ சரியான தகவல் வெளியானதுக்கு வருத்தம் தெரிவிச்சுடுவோம்."

வருத்தம் முறைப்படி தெரிவிக்கப்பட்டது. பலகைகள் அகன்றன. அர்த்தம் தெரியாதவரை உண்மை பேசிய நகராட்சி, தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டது. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டு, அன்று நல்ல வெயில். குழந்தைகள் கடலில் இறங்கினார்கள்.