பாகாலா தாமோதரனின் ரத்தம்

"வியாழன், காலை 10.40. திருப்பதி முகாம். பெயர் தாமோதரன், ஊர் பாகாலா, வயது 48. மூன்றும் பொய்."

என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. பொய்யைக்கூட நேரம் போட்டு எழுதிவைக்கிற ஆள் நான். (இல்லாவிட்டால் அடுத்த முறை எந்தப் பொய்யைச் சொல்வது?)

நான் திருநம்பி. சித்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ரத்தம் கொடுத்தால் நல்லது என்று களப்பணியாளர் லலிதா என்னைக் கூப்பிட்டபோது, அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். முன்பும் ஒரு குழு வந்து ரத்தம் எடுத்தது. முடிவைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனது, போனதுதான். புதிய ஆய்வின் ஒப்புதல் படிவமோ என் கடையில்தான் நகலானது. நாலாம் பக்கத்தில் 'மாதிரிகள் பாதுகாக்கப்படும்' என்றிருந்தது. எங்கே, யாரால், எதுவரை? லலிதாவுக்குத் தெரியவில்லை. வெற்றி எனக்கு.

ஆனால் தலைவலி விடவில்லை. டாக்டரைக் கேட்காமல் நானே போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசிதான் காரணமோ என்று சந்தேகம். (டாக்டரை அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டேன்.) லலிதாவுக்குத் தெரியாமல் மாஸ்க், தொப்பி சகிதம் அதே ஆய்வின் திருப்பதி முகாமுக்கு ரயிலேறினேன். வழியில் வண்டி பாகாலாவில் நின்றது. ஊர் கிடைத்தது. அங்கே குடியிருக்கும் என் அக்கா புருஷனின் பெயரும் வயதும் கூடவே கிடைத்தன. முகாமில் 48 என்றதும், எழுதிக்கொண்டிருந்த பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றினேன். ஊசி போட்ட தேதிகளைக் கேட்டபோது மட்டும் நாக்கு மறுத்துவிட்டது. தேதியில் பொய் சொல்ல எனக்கு வராது. எல்லாம் சரியாகச் சொன்னேன். அடுத்த ஊசி, மறுவாரம் வெள்ளி.

மறு புதன்கிழமை லலிதா கடைக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு, நாற்பது நகல் வேண்டுமாம். 'பாகாலா தாமோதரன், வயது 48, உடனே பேசவும்.'

"ரெண்டு நாளா தேடிக்கினு கீறோம் அண்ணா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு கிடைக்கணும்."

ஏன் என்றேன். அதை அவரிடம்தான் சொல்ல முடியும் என்றாள். தூண்டில் போடுகிறார்கள் என்று உடனே முடிவு செய்தேன். என்ன பொறுப்பில்லாத ஆளோ என்று அலுத்துக்கொண்டே, 'பேசவும்' என்பதைத் 'தொடர்பு கொள்ளவும்' என்று திருத்தி, என்னைத் தேடும் சீட்டை நானே நாற்பது எடுத்துக் கொடுத்தேன்.

வியாழன் பகல் 12.15. மாமா சீட்டும் கையுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே லலிதா.

"டேய், மூணு பேரு ஊட்டுக்கு வந்து என் கையப் புடிச்சிக்கினாங்க. பயப்படாதீங்க, நாங்க கீறோம்னு தெலுங்குலயும் சொல்றாங்க, தமிழ்லயும் சொல்றாங்க. நான் எந்த முகாமுக்கும் போவலன்னா, வெக்கப்படாதீங்கன்றாங்க. உங்க அக்கா என்னையே பாக்கறா. நம்ம சொந்தத்துல அந்த மாதிரி முகாமுக்குப் போறவன் நீ ஒருத்தன்தான். யாருடா இந்தத் தாமோதரன்?"

நாட்குறிப்பைத் திறந்து, முகாமில் தந்த பதிவு எண்ணை லலிதாவிடம் காட்டினேன். அவள் தன் தாளோடு ஒப்பிட்டாள். மாமாவை வெளியே நிற்கச் சொன்னாள். என் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்டிருக்கிறது, நாளைய ஊசியைப் போட்டால் ரத்தக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும், டாக்டர் காத்திருக்கிறார் என்றாள்.

"இத்தனை செய்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன், அப்போதும் விடாமல்.

"நாலாம் பக்கம் படிச்சீங்களே அண்ணா, அஞ்சாம் பக்கம் படிக்கலயா? ஆபத்துன்னா ஆளைத் தேடிப் போய்ச் சொல்லணும்னு போட்டு கீது."

படிக்கவில்லை. நாலாம் பக்கத்தில் குறை கிடைத்ததும் படிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலையே டாக்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஊசி நின்றது. பிறகு அளவு குறைந்தது, தலைவலியும் போனது. என் ஊசித் தேதிகளின் நகலை ஆய்வுக்காரர்கள் கேட்டார்கள். கொடுத்தேன். (என் மெஷினில், என் கண் முன்னால்.) இன்றும் நான் அக்கா வீட்டு வாசல் படி ஏறினால் மாமா முழங்கையை நீட்டுவார்: "என் ரத்தம் எப்படி கீதுடா?"

நாற்பது சீட்டில் முப்பத்தொன்பதைத் திரும்ப வாங்கி எண்ணி வைத்திருக்கிறேன். மீதி ஒன்று, பாகாலா ஸ்டேஷன் எதிரே டீக்கடைச் சுவரில் இன்னும் தாமோதரனைத் தேடிக்கொண்டிருப்பதாக மாமா சொல்கிறார். நான் நேரில் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படாத தகவல்.