அறுபத்திநாலு பிட்டும் பத்துப் பொருத்தமும்

கணினி ஒன்று என்றது. விஜயரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்று.

அது அவருக்கும் மனைவி சிவகௌரிக்குமான கணக்கு.

விடியற்காலைதான் வீட்டுக் கணினியின் இயங்குதளத்தை முப்பத்திரண்டு பிட்டிலிருந்து அறுபத்திநான்குக்கு மாற்றியிருந்தார். பழையதற்கு இனிப் புதுப்பிப்பு வராது என்று திரை ஒரு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தது. ஹனோவரில் இருந்தபடி தெரிந்த தமிழருக்கெல்லாம் சாதகம் பொருத்திக் கொடுப்பவர் அவர். மாற்றிய கையோடு, ஹம்பேர்க்கில் இருக்கும் மைத்துனன் நடேசனின் மகள் சுபானிக்கும் கஜரூபன் என்ற மாப்பிள்ளைக்கும் பார்த்தார். ஒன்பது வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மதியத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் புது இயங்குதளத்துக்குக் கணக்கு வருகிறதா என்று பார்க்க, விடை தெரிந்த சாதகம் ஒன்று தேவைப்பட்டது. தங்களுடையதைப் போட்டார். இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. தேவை இருக்கவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் கொக்குவில் சாத்திரியார் கைப்பட எழுதி, தபாலில் வந்த தாள் அலுமாரியில் இருந்தது. 10/10.

“இஞ்சாரும், எங்களுக்கு ஒண்டுதான் பொருந்துதாம்.”

சிவகௌரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “எது அந்த ஒண்டு?”

“தினப் பொருத்தம்.”

“தினமும் பாக்கிறன்தானே. மிசின்தான் பிழை.”

“பிட் இரட்டிச்சிருக்கு. பொருத்தம் ஏன் குறையுது?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குக் கணினி ஜெர்மன் நேரத்தைப் போடுகிறதோ? கடிகாரத்தைக் கொழும்புக்கு மாற்றினார். அப்போதும் ஒன்றுதான். மாறியது நாட்காட்டி. பதினொரு மணிக்கு இருந்த சிவகௌரியின் பல்வைத்தியரிடம் போகும் டெர்மீன், திரையில் இரண்டரை ஆகியது. அவள் அதைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் அரிசி களைந்தாள். பதினொன்றே காலுக்குப் பல்வைத்தியரின் வரவேற்பில் இருக்கும் சாண்ட்ரா தொலைபேசியில் அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

சிவகௌரி மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பினாள்.

“அந்த ஒண்டையும் இண்டைக்கு வெட்டிவிடுங்கோ!”

விஜயரத்தினம் சாதக மென்பொருளைத் திரும்ப நிறுவினார். நடுவில் அது ஏதோ கேட்டது. ஆம் என்று அழுத்தினார். சேமித்து வைத்திருந்த இருநூறுக்கு மேற்பட்ட சாதகங்கள் போயின. சுபானியின் ஒன்பதும் போனது.

பழைய முப்பத்திரண்டுக்கே திரும்புவதுதான் வழி என்று பட்டது. வட்டில் உள்ளதெல்லாம் அழியும் என்று எச்சரிக்கை வந்தது. அழிய இனி என்ன இருக்கிறது? அழுத்தினார். எண்பத்திநாலு சதவீதத்தில் நின்றது. பிறகு திரை கறுத்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு நடேசன் தொலைபேசியில் அழைத்தான்.

“அத்தான், என்ன மாதிரி? மாப்பிள்ளை வீட்டுக்காரர் மற்ற போனில நிக்கினம்.”

“காலமை ஒன்பது வந்தது...”

“முருகா! சொல்லிவிடட்டோ?”

“பொறும். அதை நம்பேலாது. இந்தக் கொம்பியூட்டருக்குக் கணக்கு வரேல்லை. இதைப் பாத்துப் பிள்ளையைக் கட்டிக் குடுக்க நான் விடன். பிறகு பாப்பம் எண்டு அவையிட்டச் சொல்லும்.”

“சுபானி அழுவாள், அத்தான். என்னண்டு பிழை எண்டுறியள்?”

“எனக்கும் உம்மட அக்காவுக்கும் ஒண்டு எண்டெல்லோ சொல்லுது!”

மறுமுனையில் எஸ்-பான் ரயில் ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது.

“அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?”

“பல்லுக்குப் போட்டா.”

நடேசன் தொண்டையைச் செருமினான்.

“கொம்பியூட்டர் சரி, அத்தான். சாத்திரியார் ஒண்டு எண்டுதான் எழுதினவர். தபாலில போடேக்க பக்கத்தில பூச்சியம் போட்டது நான்.”