செத்த எருமை எழுந்து வந்த படம்

“ஏம்மா, நீ படத்த உள்ள உக்காந்து பாத்தியா, வாசல்ல போஸ்டரப் பாத்துட்டு வந்தியா?”

ஆனந்த்ராஜ் கேட்டபோது ஜீவிதா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். நாகல் நகரில் ஒரு செல்போன் கடை மாடியில் அவர் நடத்தும் யூடியூப் சேனலில் செய்தி, ராசிபலன், சினிமா எல்லாமே அவள்தான்.

“வெள்ளிக்கிழமை மதிய ஆட்டம், முழுசாப் பாத்தேன் சார். முறுக்கு வாங்கக்கூட எந்திரிக்கல.”

“அப்ப ஊரே ஏன் உன்னக் காறித் துப்புது?”

படம் ‘கனகாம்பரக் காதல்’. தெலுங்கிலிருந்து தமிழ் பேச வந்த கிராமத்துக் காதல் காமெடி. டிராக்டர் ஓட்டும் நாயகன், காலேஜ் போகும் நாயகி, ஓர் எருமை. ஜீவிதா சொன்ன விமர்சனம் இது:

“பலம்: முதல் பாதியில் மாமியார் வீட்டு அடுப்படியில் வேகும் நாயகி, இரண்டாம் பாதியில் புருஷனை நடுரோட்டில் அறைந்துவிட்டு காலேஜ் பஸ் ஏறிப் போகிறாள். கல்யாணம் முடிந்து இத்தனை நாள் கழித்து அந்தப் புருஷன் ‘உன் பேரென்ன?’ என்று கேட்கிறான். இந்த நாட்டுப் புருஷர்களை இதுவரை யாரும் இப்படித் தோலுரித்ததில்லை. பலவீனம்: முதல் பாதியில் செத்த எருமை இரண்டாம் பாதியில் புல் மேய்கிறது. எடிட்டர் தூங்கிவிட்டார். படத்தின் பெயரையே இடைவேளைக்குப் பிறகு போடுவது கொஞ்சம் அதிகப்படியான புதுமை.”

மற்ற ஊர் விமர்சகர்களோ, இரண்டாம் பாதியில் நாயகி குடும்ப விளக்காகிறாள், அதுதான் படத்தின் பலம் என்று உருகியிருந்தார்கள்.

“அம்புட்டுப் பேரும் தப்பு, நீ மட்டும் சரியா?”

“அம்புட்டுப் பேரும் ஆம்பளைங்க சார். அவ பஸ் ஏறுறப்ப பாப்கார்ன் வாங்கப் போயிருப்பாங்க.”

சொன்னதோடு விடவில்லை. கேமராவை வைத்து இரண்டாவது வீடியோவும் போட்டாள். “நான் சொன்னது பொய்யின்னா இந்த வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்.”

வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு இல்லை என்பது அப்பாவோடு போட்ட ஒப்பந்தம். வேலை போனால் தை மாதம் முகூர்த்தம். கொடைரோட்டு மாப்பிள்ளை தயாராக இருந்தான். அவன் வீட்டிலும் நாலு எருமை.

மறுநாள் விநியோகஸ்தர் ஈஸ்வரன் மதுரையிலிருந்து கூப்பிட்டார். “இல்லாத கதையச் சொல்லி எங்க படத்தக் கெடுக்குறீங்க. வக்கீல் நோட்டீஸ் வரும்.”

“மன்னிப்பு வீடியோ போட்டுரு,” என்றார் ஆனந்த்ராஜ்.

“சாட்சி கொண்டாரேன் சார்.”

அம்மா மூக்காயியையும், கூடப் பூப்பறிக்கும் எட்டுப் பெண்களையும் ஷேர் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். படம் வந்த நாளிலிருந்தே ஆபரேட்டர் ஜெரோமுக்கு மஞ்சள்காமாலை. அதனால் அவர் மனைவி புஷ்பமேரியே வாசலில் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, மாடிக்கு ஓடிப் படத்தையும் ஓட்டினாள்.

படம் விட்டதும் ஜீவிதா மைக்கை நீட்டினாள். “கதை என்னம்மா?”

“கஞ்சி காச்சுனா, பொறுத்தா, அறைஞ்சா, பஸ் ஏறிட்டா,” என்றாள் மூக்காயி. “எருமை எப்பிடிப் பொழச்சுச்சுன்னுதேன் தெரியல.”

அந்த வீடியோ பற்றிக்கொண்டது. அடுத்த நாள் மில் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் டிக்கெட் கிடைக்கவில்லை. மூக்காயி மறுபடியும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரன் கோபமாகக் காரில் வந்து இறங்கி, ஆனந்த்ராஜையும் ஜீவிதாவையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் படம் பார்த்தார். அடுப்படி வந்ததுமே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. இடைவேளை முடிந்து திரையில் படத்தின் பெயர் விழுந்தபோது எழுந்தே விட்டார்.

“அடப்பாவிகளா, ரெண்டாம் பாதிய மொதல்ல ஓட்டிருக்கீங்க.”

ஜீவிதாவுக்குக் காது சுட்டது. பேர் கேட்டவன் புருஷன் இல்லை. அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தவன். எருமை பிழைக்கவும் இல்லை. அது இன்னும் சாகவே இல்லை.

படத்தை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது. “முன்னாடி போய் மன்னிப்புக் கேளு,” என்றார் ஆனந்த்ராஜ். “அப்பிடியே வீட்டுக்குப் போயிரு.”

திரைக்கு முன்னால் போய் நின்றாள். மழுப்பத் தெரியாது அவளுக்கு.

“நான் சொன்னது தப்பு. ரெண்டு பாதியையும் மாத்தி ஓட்டிட்டாங்க. நெசத்துல இவ மொதல்ல அறையிறா, அப்புறம் அவனையே கட்டிக்கிட்டு அடுப்படியில முடியுறா. இப்ப சரியா ஓட்டுவாங்க.”

மூன்றாவது வரிசையில் மூக்காயி எழுந்தாள்.

“அப்ப அவ திரும்ப அடுப்படிக்கா போவா?”

“ஆமாம்மா.”

“அதெல்லாம் வேணாம். அவளப் பஸ் ஏத்திவிட்டுத்தேன் நாங்க எந்திரிப்போம்.”

முன்னூறு பெண்களும் மடியில் இருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஈஸ்வரன் சுற்றிப் பார்த்தார். நடைபாதையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஊர்களில் படத்தைத் தூக்கி இரண்டு நாளாகியிருந்தது.

“இப்பிடியே ஓடட்டும்,” என்றார் மெதுவாக. “மதுரைலயும் திரும்ப இப்பிடியே போடச் சொல்லிர்றேன்.” பிறகு ஆனந்த்ராஜிடம், “இந்தப் புள்ளைய விட்றாதீங்க.”

“நான் எங்க சார் விட்டேன்,” என்றார் ஆனந்த்ராஜ்.

நாயகி பஸ் ஏறினாள். விசில் அடித்தவர்களில் மூக்காயியும் ஒருத்தி. வெளியே வந்ததும், “கொடைரோட்டுக்காரங்கட்ட ஆகாதுன்னு சொல்லிர்றேன்த்தா,” என்றாள், யாரிடமோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி.

ஜீவிதா மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனாள். புஷ்பமேரி அடுத்த ஆட்டத்துக்கு மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க பண்ண தப்புலதான் நான் பொழச்சேன்.”

புஷ்பமேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தப்பெல்லாம் இல்ல. வெள்ளிக்கிழமை காலை ஆட்டம் சரியாத்தேன் ஓட்டுனேன். உக்காந்து பாத்தேன். எனக்குப் புடிக்கல.”