ரோஸி மேல் வரைந்த அம்புக்குறிகள்

கம்ப்யூட்டரில் செய்த மிருகம் திரையில் வரும்போது, பக்கத்து சீட்டில் யாராவது "முடி எவ்வளவு தத்ரூபம்!" என்று வாயைப் பிளந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்விடலாமா என்றிருக்கும். (டிக்கெட் காசு தடுக்கும்.)

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு விளம்பர கம்பெனியில் எனக்கு வேலை. பிஸ்கட் விளம்பரத்துக்காக ஒரு வெள்ளை நாயைக் கம்ப்யூட்டரில் உருவாக்கினேன். முடியெல்லாம் விறைத்துக்கொண்டு நின்றது. "இது நாயா, பாட்டில் கழுவுற பிரஷ்ஷா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் முதலாளி. அந்த ஆளை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

உடம்பில் எந்த இடத்து முடி எந்தப் பக்கம் படியும் என்று நான்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்கே தெரியாது. லீவு போட்டுவிட்டு ஏற்காடு மலையில், நாகலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே ரோஸி இருந்தது, புசுபுசுவென்று வெள்ளை நாய். அக்காவின் கணவர், எனக்கு மாமா, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஏற்காடு கோடை விழாவின் நாய்க் காட்சிக்காகவே அதைத் தலைச்சன் பிள்ளை போல வளர்த்தார். ஜெயிக்கப்போகும் கோப்பைக்காக ஷோகேஸின் நடுத்தட்டைக் காலி செய்தே வைத்திருந்தார்.

காட்சிக்கு முதல் நாள் இருவரும் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். "ரோஸியக் குளிப்பாட்டி வெச்சிரு கண்ணு" என்றாள் அக்கா. அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ள நினைத்தேன். முடி படியும் திசை போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டுமே. காப்பி மூட்டையில் எழுத மாமா வைத்திருந்த கறுப்பு மையை எடுத்து, கழுத்து, முதுகு, வால் என்று அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளினேன். எப்படியும் குளிப்பாட்டத்தானே போகிறோம் என்ற மேதாவித்தனம். மூட்டை மழையில் நனைந்தாலும் அழியக்கூடாது என்றே செய்த மை அது. (இதை யோசிக்க டிகிரி வேண்டாம்.) ஒரு சோப்புக்கட்டி முழுக்கக் கரைந்தது. அம்பு மட்டும் கரையவில்லை.

மறுநாள் மாமா அம்புகளோடேயே ரோஸியை பஸ்ஸில் ஏற்றினார். நடுவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாய்க்கு வழி தெரியாதுங்களா?" என்றார். மைதானமே சிரித்தது. மாமா தலை குனிந்து நின்றார். எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

போட்டோக்களைக் கழுவி எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். முதலாளி கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "நாய் வேண்டாம்மா, தவளைன்னு முடிவாயிருச்சு. அதுக்கு முடி கிடையாது பாரு, சுலபம்." அந்தக் கவராலேயே அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மாமா, ஒரு பிளாஸ்டிக் தவளையை வாங்கி அந்த நடுத்தட்டில் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் அதைக் காட்டுகிறார். "எங்க ஊட்டுக் கோப்பைங்க. கொழுந்தியா வாங்கிக் குடுத்தது."